வராண்டாவின் மறுமுனை

வகுப்பில் அவளை எல்லோரும் அம்பயர் என்றுதான் கூப்பிடுவார்கள். விளையாட்டு நேரத்தில் சக்கர நாற்காலியை மைதானத்தின் ஓரமாக நிறுத்திக்கொண்டு, அவுட்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அவள் வேலை. அவள் விரலைத் தூக்கிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஏழாம் வகுப்பில் வேறு யாருக்கும் இவ்வளவு மரியாதை இல்லை. ஆனால் விரலைத் தூக்கித் தூக்கி அவளுக்கு எப்போதோ அலுத்துப்போயிருந்தது. அது யாருக்கும் தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும்.

அதனால்தான் மூன்று நாள் முகாம் என்று பள்ளியில் சொன்னதும் பிடித்த பிடியை விடவில்லை. "நான் நிக்கறதே இல்ல, இதுக்கு மட்டும் ஒத்தக்கால்ல நிக்கறேன் பாருங்க" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை.

அப்பா, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். மூன்றாம் மாடியிலிருந்து பீரோவை இறக்கி லாரியில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல டீ கேட்கிற ஆள். மகள் பிறந்ததிலிருந்து படி, மேடு, பள்ளம், பஸ், சினிமாத் தியேட்டர் எல்லாவற்றிலும் அவளைத் தூக்கிக்கொண்டு போனது அவர்தான். யாராவது பாவம் என்று உச்சுக் கொட்டினால், "பீரோவையே தூக்கறேன், என் பொண்ணைத் தூக்க மாட்டேனா" என்பார். அந்த வசனத்தை அவர் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னால் வரும். பாவம், அவருக்கு அது பெருமை.

கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஆனால் தானும் கூடவே வருவதாகச் சொல்லிவிட்டார். லீவும் போட்டாகிவிட்டது. டீச்சருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் அப்பா ஏறி உட்கார்ந்தபோது, பின்னால் பாட்டும் கூத்துமாக இருந்த பஸ்ஸில் அம்பயர் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முகாம் நடந்த இடம் ஒரு ஏரிக்கரையில் இருந்தது. படுக்கும் அறைகளும் குளியலறைகளும் பழைய கிடங்குகளைச் சீர்செய்து கட்டியவை, தரையோடு தரையாக இருந்தன. அங்கெல்லாம் அவளுக்கு ஒரு சிக்கலும் இல்லை. சாப்பாட்டுக்கூடம்தான் வில்லன். உயரமான அடித்தளம், முன்னால் நீண்ட வராண்டா, அதற்கு ஏற நான்கு படிகள். சாப்பாடு அங்கே, கூட்டம் அங்கே, மழை வந்தால் விளையாட்டும் அங்கே. அக்கம்பக்கத்து ஜனங்கள் தங்கள் கூட்டங்களை நடத்துவதும் அந்தக் கூடத்தில்தான்.

முதல் நாள் மதியம் மணி அடித்ததும் எல்லோரும் தட்டும் கையுமாக ஓடினார்கள். அப்பா வந்தார். வழக்கம்போல முழங்காலுக்கு அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை. வகுப்பு மொத்தமும் வழிவிட்டு ஒதுங்கி நின்றது. யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே பெஞ்சில் இறக்கி வைத்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது ஒரு கை இடுப்புக்குப் போயிற்று, முகம் ஒரு நொடி சுருங்கியது. கொஞ்ச காலமாகவே இதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வலிக்கிறது என்று சொல்லமாட்டார். அவள் கேட்டால் இல்லை என்று சாதிப்பார். அவள் வளர்ந்துகொண்டிருந்தாள். பீரோ வளராது.

சாப்பிட்டு முடித்ததும் அவள் பேச்சை எடுத்தாள். "நாளைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு, என்னையும் யாரும் தொடாம, என் வண்டியையும் யாரும் தொடாம, நானே இதுக்குள்ள வந்துட்டா நீங்க கடைசி பஸ்ல வீட்டுக்குப் போயிடணும்."

"வர முடியலன்னா?"

"முடியலன்னா மூணு நாளும் இருங்க. நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க மாட்டேன். இனிமே எங்க போனாலும் வாங்க, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

அப்பா படிகளை ஒரு பார்வை பார்த்தார். தொழில்காரர் பார்வை. பிறகு சரி என்றார். தோற்கமாட்டோம் என்று தெரிந்த பந்தயத்துக்கு யார்தான் சரி என்று சொல்லமாட்டார்கள்.

அவளுடைய குழுவின் தலைவி ஒரு குட்டைப் பெண். பட்டப்பெயர் ஸ்பீக்கர். ரகசியம் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும். அவளுக்குக் காதும் கூர்மைதான். பந்தயம் முழுவதையும் பக்கத்துப் பெஞ்சில் இருந்து கேட்டுவிட்டாள்.

மதியத்துக்கு மேல் சமூகப் பணி. ஒரு குழு ஏரிக்கரைக் குப்பையை அள்ளப் போயிற்று. ஒரு குழு பஸ் நிறுத்தத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிற்று. தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று ஸ்பீக்கர் டீச்சரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். அந்த வயசிலேயே அவ்வளவு நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அம்பயருக்குத் தெரியாமல், அவளை அசத்துகிற மாதிரி ஒரு சாய்தளம் செய்வது என்று முடிவானது. அவள் பார்த்துவிடக் கூடாதே என்று அவளை ஏரிக்கரைக்கு அனுப்பி, எந்தக் குழு எத்தனை மூட்டை குப்பை அள்ளுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். அங்கேயும் அம்பயர் வேலை. மர நிழல், கையில் விசில், தொப்பி. தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டைகளை எண்ணினாள்.

மறுநாள் காலை, சாப்பாட்டுக்கு முன்னால், அவளைக் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்தார்கள். கட்டை அவிழ்த்தால் நான்கு படிகளின் மேல் சாய்த்து வைத்த பலகைப் பாதை. சாமான் அறையில் கிடந்த பழைய மேடைப் பலகைகளை முகாம் மேனேஜரிடம் கேட்டு வாங்கி, அறுத்து, ஆணி அடித்து, ஓரத்தில் நட்சத்திரம்கூட வரைந்திருந்தார்கள். குழுவின் மற்ற ஐந்து பேரும் கையில் கொப்புளத்தோடு நின்றார்கள்.

பார்த்த மாத்திரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது பாதை இல்லை, சறுக்குமரம். எப்படிச் சோதித்துப் பார்த்தார்கள் என்று கேட்டாள். எங்களில் ஒல்லியானவனை ஒரு தள்ளுவண்டியில் உட்காரவைத்து நாலு பேர் தள்ளினோம், சர்ரென்று ஏறிவிட்டது என்றாள் ஸ்பீக்கர். நாலு பேர் தள்ளினால் பீரோவும் ஏறும். ஆனால் அந்த முகங்களைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது. அவள் சக்கரத்தைப் பிடித்தாள். ஒரு தள்ளு, இரண்டு தள்ளு, பாதி தூரம்கூட வந்துவிட்டாள். மூன்றாவது தள்ளில் முன்சக்கரங்கள் அந்தரத்தில் எழுந்தன. வானம் தெரிந்தது. அப்படியே பின்னால் சாய்ந்தாள்.

அப்பா பிடித்துக்கொண்டார். எப்போது வந்து பின்னால் நின்றார் என்றே தெரியவில்லை. அவளையும் வண்டியையும் சேர்த்துக் கீழே இறக்கினார். நான்தான் அப்போதே சொன்னேனே என்று சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அவர் அப்படிச் சொல்லவில்லை. "போதும் பாப்பா" என்று மட்டும் சொல்லி அவள் நெற்றியைத் துடைத்துவிட்டார். அவளுக்கு உள்ளுக்குள் எல்லாம் சரிந்து விழுந்தது போல இருந்தது.

டீச்சர் ஒரு வழி சொன்னார். சமையலறைக்குப் பின்வாசல் உண்டு, அங்கே ஒரே ஒரு படிதான், ஒரு பலகை போட்டால் போதும். பந்தயத்துக்கும் அது கணக்கில் வருமே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அம்பயர் போய்ப் பார்த்தாள். எண்ணெய் டின்கள், ஈரச் சாக்கு, குப்பைத்தொட்டி, உள்ளே அடுப்புகளுக்கு நடுவே ஒரு சந்து. திரும்பி வந்தாள்.

"மூட்டை போற வழியில நான் போக மாட்டேன் டீச்சர். எல்லாரும் எந்தப் பக்கம் போறாங்களோ, அந்தப் பக்கம்தான் எனக்கும்."

அடம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும் என்று அவள் நினைத்தாள். டீச்சர் சொல்லவில்லை. ஸ்பீக்கர்தான் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில், நாங்க உனக்காகத்தானே செஞ்சோம் என்றாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"எனக்காகச் செஞ்சீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நானும் இந்தக் குழுவுல ஒருத்திதானே? சமூகப் பணி செய்யத்தான் வந்தேன். நீங்க செய்யற சமூகப் பணியா இருக்க வரல."

அப்படிச் சொல்லிவிட்டு அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயம் பேசிவிட்டுத் தனியாக இருப்பது அவ்வளவு சுகமான காரியம் இல்லை.

கோபம் வந்தால் சிலர் கதவைச் சாத்துவார்கள், சிலர் தூங்கிப்போவார்கள். அவள் வண்டியை விரட்டுவாள். கூடத்தின் முன்புறமாக, வராண்டாவை ஒட்டிய மண்தரையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். போகும்போதெல்லாம் தோள்பட்டை இழுத்தது. வரும்போது இழுக்கவில்லை. கோபத்தில் முதலில் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது தடவை போகும்போது நடுவில் நிறுத்தி, சக்கரங்களில் இருந்து கையை எடுத்தாள். நாற்காலி தானாகவே பின்னால் உருண்டது.

தரை ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். காலால் நடக்கிறவர்கள் ஆயுசுக்கும் நடந்தாலும் தெரியாது, கை சொல்லிவிடும். வராண்டா மட்டமாகத்தான் போகிறது. தரை ஏற ஏற, வராண்டாவின் உயரம் குறைந்துகொண்டே வரவேண்டும். அவள் வேகவேகமாக மறுமுனைக்குப் போனாள். அங்கே வராண்டாவின் விளிம்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஒரே சாண். அதன் முன்னால் இரண்டு வரிசையாகப் பூந்தொட்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அதனால்தான் அது வழி என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்து பேரும் ஏன் அந்தப் படிகளோடு மல்லுக்கட்டினார்கள் என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. அவர்களுக்கு வாசல் என்றால் படி இருக்கிற இடம். அவ்வளவுதான். சிரிப்பு வந்துவிட்டது. தான் மட்டும் என்ன ஒழுங்கு, நேற்றைக்கே கண்ணால் பார்த்திருக்கவேண்டியதுதானே, நிழலில் உட்கார்ந்து குப்பை மூட்டை எண்ணிக்கொண்டிருந்தோமே என்று தன்னையும் திட்டிக்கொண்டாள்.

குழுவைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஸ்பீக்கர் நம்பவில்லை. அம்பயர் பக்கத்துப் பெஞ்சுக்கு மாறிக்கொண்டு, அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துக் கையை விடச் சொன்னாள். நாற்காலி உருண்டதும் ஸ்பீக்கர் போட்ட சத்தத்தில் சமையல்காரர்கள் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். அத்தோடு சமாதானம். அந்த வயசில் சமாதானத்துக்கு மத்தியஸ்தம் தேவையில்லை.

இனி மேனேஜர். அவருக்குப் பூந்தொட்டிகள் என்றால் உயிர். பலகையைக் கேட்டபோது வாரிக் கொடுத்தவர், தொட்டியைத் தொடாதே என்று மட்டும் எச்சரித்திருந்தார். தானே போய்ப் பேசுவதாக டீச்சர் கிளம்பினார். அம்பயர் வேண்டாம் என்று தடுத்துவிட்டு நேராக மேனேஜரின் அறை வாசலுக்குப் போனாள். தொட்டிகள் அங்கே வெயிலில் வாடுகின்றன, படிகளின் இரண்டு பக்கமும் வைத்தால் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் என்று ஆரம்பித்தாள். மேனேஜர் இந்தத் தேன் தடவின பேச்சுக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. உடைந்தால் யார் பொறுப்பு என்றார். நான்தான் என்றாள். நீ தூக்கப்போவதில்லையே என்றார். தூக்கத்தான் போகிறேன், மடியில் ஒன்று வைத்து ஓட்டிக்கொண்டு போனால் இவர்கள் எல்லோரையும்விட நான் வேகம் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, ரோஜாவை மட்டும் நானே நகர்த்துவேன் என்றார்.

பிறகு பகல் முழுக்க வேலை. படகு சவாரிக்கு வகுப்பே போயிற்று, இந்தக் குழு போகவில்லை. அம்பயர் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். சட்டை முழுக்க மண். இரண்டாவது நடையிலேயே ஒன்று நழுவி உடைந்தது. உடைத்தது அவளேதான். மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் செடியை ஒரு வாளிக்கு மாற்றிவிட்டு, அதிலிருந்து கூடவே நின்றுகொண்டார், இன்னொன்று உடையாமல் இருக்க.

படிமேல் கிடந்த பலகைகளைப் பிரித்தார்கள். அதே பலகைதான், அதே நீளம்தான். நான்கு படி உயரத்துக்குச் சறுக்குமரமாக நின்றது, ஒரு சாண் உயரத்துக்குச் சாதுவாகப் படுத்துக்கொண்டது. பெஞ்சின் மேல் பலகையை வைத்து அவள் ரம்பத்தால் அறுத்தாள். மேல்விளிம்பை வராண்டாவோடு பொருந்தச் சீவினார்கள். சக்கரம் வழுக்காமல் இருக்கக் குறுக்கே மெல்லிய பட்டைகளை அடிக்கச் சொன்னவள் அவள். இந்தத் தடவை சோதித்துப் பார்த்ததும் அவளேதான், ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு தடவை.

அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. பத்து தொட்டியை ஒரே மூச்சில் நகர்த்தக்கூடிய மனுஷர், கையைப் பிசைந்துகொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பலகையைத் தூக்கக் குனிந்தேவிட்டார்.

"அப்பா, அதை வெச்சுடுங்க. நீங்க எதிர்க்கட்சி" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு வைத்துவிட்டார். அதன் பிறகு தூரத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படித் தனியாக உட்கார்ந்திருந்தது அவள் மனசைப் பிசைந்தது. ஒரு நிமிஷம், போனால் போகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்தாள். பிறகு அவர் கை இடுப்புக்குப் போனது நினைவுக்கு வந்தது. ரம்பத்தை மறுபடி எடுத்தாள்.

சாயங்காலம் மணி அடித்தது. செய்தி அதற்குள் எங்கும் பரவியிருந்தது. ஸ்பீக்கர் இருக்கும்போது பரவாமல் என்ன செய்யும். மேனேஜர், சமையல்காரர்கள், வகுப்பு மொத்தமும் வராண்டாவின் மறுமுனையில் கூடிவிட்டார்கள். யாரும் தொடக்கூடாது என்பதால் ஸ்பீக்கர் தன் கைகளைத் தானே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அம்பயர் மண்தரையில் ஏறி வந்தாள். தோள் இழுத்தது. நாள் முழுக்க உழைத்த தோள். பலகையின் அடியில் ஒரு கணம் நிறுத்தி, உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஒரு தள்ளு. பட்டை, பட்டை, பட்டை என்று சக்கரம் தட்டிக்கொண்டு ஏறியது. இன்னொரு தள்ளு. விளிம்பு. முன்சக்கரம் தாண்டியது, பின்சக்கரம் தாண்டியது. வராண்டாவின் முழு நீளத்தையும் அவள் ஓட்டிக்கொண்டு போனாள், படிகள் இருக்கிற இடத்தைத் தாண்டி, எல்லோரும் நுழைகிற அதே வாசலில் நுழைந்து, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து அப்பாவுக்குக் காட்டினாள்.

கைதட்டல் ஓய்ந்த பிறகும் அப்பா கீழேயே நின்றுகொண்டிருந்தார். பை அவர் தோளில் இருந்தது. மேலே வரலாமா என்று கேட்டார். இதென்ன கேள்வி, வாங்க என்றாள். அவர் படி வழியாக வரவில்லை. பலகை வழியாக வந்தார். மெதுவாக, ஒவ்வொரு பலகையிலும் இரண்டு காலையும் வைத்து, பீரோ தூக்கிக்கொண்டு போகிறவர் மாடிப்படியைச் சோதிப்பது போல அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டு வந்தார். கடைசிப் பலகையில் நின்றார். திரும்பவும் மிதித்தார்.

"இது ஆடுது பாப்பா" என்றார். குரலில் ஒரு நம்பிக்கை. "இப்படி விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

உண்மையிலேயே ஆடியது. ஓர் ஆணி மேலே எழும்பியிருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தட்டைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு, சுத்தியலைக் கேட்டு வாங்கினாள். பலகையின் ஓரம்வரை வண்டியைக் கொண்டுவந்து, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து அடித்தாள். முதல் அடி ஆணியின் மேல் படவில்லை. இரண்டாவது பட்டது. மூன்றாவதில் ஆணி பலகையோடு பலகையாக இறங்கியது.

"இப்போ மிதிங்க."

மிதித்தார். கொஞ்சம் தள்ளி மிதித்தார். மற்ற காலையும் வைத்துப் பார்த்தார். எதுவும் ஆடவில்லை. வேறு எங்கேயாவது ஆடுகிறதா என்று தேடினார். எங்கேயும் ஆடவில்லை. சரி என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். அவள் தலையில் கை வைக்கப் போனவர் பாதியில் நிறுத்தி, பந்தயம் முடிஞ்சுதுல்ல, இப்போ தொடலாமா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தார்.

பிறகு இறங்கிக் கேட்டை நோக்கி நடந்தார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அவள் இரண்டு தடவையும் கையசைத்தாள். அவர் மறைந்ததும் அழுகை வந்துவிட்டது. போ என்று சொன்னவளே அழுதாள், சுத்தியலைக் கீழே வைக்காமலே அழுதாள். ஸ்பீக்கர் கட்டிய கையை அவிழ்க்காமல் பக்கத்தில் நின்றாள். அழுது முடித்ததும் அம்பயர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாளைக்கு என்ன வேலை என்று கேட்டபடி சாப்பிட உள்ளே போனாள்.